ஒரு வரிதானே

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வெள்ளைச் சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. போன மாதம் சின்னவள் அதை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்தக் குப்பைய எறியட்டா?" என்று கேட்டாள். உள்ளே சப்பாத்து இல்லை. ஒரேயொரு தாள் துண்டுதான். விரலகலம், நீளம் ஓரடிக்குக் கொஞ்சம் கூட. பெட்டிக்குள் மூலைக்கு மூலையாக வைத்தால்தான் கொள்ளும். பின்பக்கத்தில் தடித்த மண்ணிறத் தாள் ஒட்டியிருப்பதால் அடிமட்டம்போல விறைத்திருக்கும். முன்பக்கத்தில் நீல மையால் மேலிருந்து கீழாக இரண்டிரண்டு இலக்கங்கள். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது சோடி வரும். நாற்பது இருந்திருக்க வேண்டும். அந்த நாற்பதாவதைப் பற்றியும் அதைத் தொலைத்த மனிதரைப் பற்றியும் உங்களுக்கு நான் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கும்போதெல்லாம் கோபம் வந்து பாதியில் எழும்பிப் போய்விடுவேன். எழுதினால் அப்படி எழும்பிப் போக மாட்டேன் என்று உங்கள் அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குப் பொறுப்பானவர் என்பதால் அவரை நாங்கள் போர்மன் என்றே கூப்பிட்டோம். சண்டைக் காலம். பட்டினத்தில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் புத்தகம் கட்டும் வேலை நடந்தது. அங்கே மூன்று பேர்தான்: போர்மன், நான், தாள்களைத் தைக்கும் ஒரு பறங்கி அம்மா. அவரை எல்லோரும் அன்ரி என்போம். செத்துப்போன மனிதரைப் பற்றி எழுதும்போது நல்லதாக ஏதாவது சொல்லித் தொடங்குங்கள் என்று மூத்தவள் வந்தாறுமூலையிலிருந்து ரெலிபோனில் சொன்னாள். கம்பஸில் படிக்கிற பிள்ளை சொல்லுகிறாளே என்று இரண்டு நாள் யோசித்தேன். போர்மனின் சேட்டு எப்போதும் வெள்ளையாக இருக்கும். ஒருநாளும் அதில் ஒரு துளி பசை பட்டதில்லை. இதை நல்லதாக எடுப்பதா கெட்டதாக எடுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொழும்பில் மூன்று மாதம் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவர் அவர். அதற்குக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்து அவருடைய பெயரில் பாதியைத் தின்றுவிட்டது. தாளைப் பூஞ்சணத்திலிருந்து காப்பது எப்படி என்றுதான் அந்த மூன்று மாதமும் படித்தாராம். காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதால் அவர் ஒரு கோடுகூடக் கீறி நான் கண்டதில்லை. அறையில் ஒரு பழைய வெட்டு மெசின் இருந்தது. பெரிய சக்கரத்தைச் சுற்றினால் கத்தி இறங்கி, கட்டிய புத்தகத்தின் மூன்று பக்கத்தையும் ஒரே சீராக வெட்டிவிடும். அதை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. காலையில் வந்தவுடன் அதற்கு எண்ணெய் பூசித் துடைத்து, ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்ப்பார். "இந்த மனிசன் மெசினுக்குத்தான் தாலி கட்டியிருக்கு. வீட்டில இருக்கிறவ சும்மா சமைச்சுப் போட வந்தவ" என்பார் அன்ரி.

ஒரு புத்தகம் முடிந்ததும் போர்மன் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். நேராக இருந்தால் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவார். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து நான் கண்டதில்லை. பத்து வருடத்தில் ஒரு தரம்கூட இல்லை. உள்ளே கணக்கா, பாட்டா, பிள்ளைகளின் பெயரா, எதுவாக இருந்தாலும் அவருக்கு அது நாலு பக்கம் உள்ள ஒரு செங்கல். "இவர் மோட்சத்துக்குப் போனாலும் உள்ளுக்குப் போகமாட்டார். வாசல்ல நிண்டு கதவுட ஓரம் நேரா இருக்கா எண்டு பாத்துக்கொண்டு நிப்பார்" என்று அன்ரி ஒருநாள் சொன்னார். நான் சிரித்துப் பசைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் நல்ல சாமான் எதுவும் கிடைக்காது. அதற்காக அவரை நான் குறைசொல்லவில்லை. அட்டைக்கான தடித்த மட்டை வராது, மேலே ஒட்டும் சீலை வராது, வந்தாலும் வழியில் சோதனைச்சாவடிகளில் மழையில் நனைந்து வரும். சாமான் இல்லாத காலத்தில்தான் புத்தி வேண்டும். நம் ஊர்க் காற்றில் எந்நேரமும் ஈரம். அட்டை சுருளுவது பெரிய தொல்லை. அதற்கு வழி ஒன்றும் அதிசயம் இல்லை. மட்டையை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இலகுவாக வளையும், மறுபக்கம் முறுகும். இலகுவாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதுதான் மட்டையின் ஓட்டம். அந்த ஓட்டம் புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாகப் போகவேண்டும். அட்டையின் உட்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டினால் இரண்டு பக்கமும் இழுத்துச் சமமாக நிற்கும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இது ஒரு கிழமையில் விளங்கியது. போர்மனுக்கு விளங்கவே இல்லை. துண்டு வீணாகாதபடி மட்டையை எப்படியும் வெட்டுவார். அவர் அட்டை போட்ட புத்தகங்கள் மூன்றாம் நாள் வெயிலில் போட்ட கருவாடு மாதிரி நிமிர்ந்து நிற்கும். கேட்டால், "ஆத்துக்காத்து அப்பிடி" என்பார். ஆறு என்று நாங்கள் சொல்வது வாவியைத்தான்; அதற்கு வாய் இருந்திருந்தால் அவர்மேல் வழக்கு வைத்துக் கோட்டுக்கு இழுத்திருக்கும்.

பசையும் அப்படித்தான். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவது வழக்கம். சிட்டிகை என்றால் இரண்டு விரலில் எடுப்பது. போர்மன் கையால் அள்ளிப் போடுவார். தாளெல்லாம் பச்சை பாய்ந்து, இரண்டு வருடத்தில் முறுக்குப்போல நொறுங்கும். பூச்சி வராதுதான், தின்ன அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஒரு முறை புத்தகச் சீலை கிடைக்கவில்லை என்று கடும்பச்சைச் சீலை ஒரு கட்டு வாங்கி வந்தார். பார்த்தவுடனே அன்ரியும் நானும் வேண்டாம் என்றோம். அந்த நிறத்தை அந்தக் காலத்தில் காட்டுக்குள் யார் உடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். கேட்கவில்லை. ஒரு சங்கத்துக்கு ஆறு பதிவேடு அதில் கட்டினார். அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன மனிதரைச் சாவடியில் பிடித்து, இந்தச் சீலை உனக்கு எங்கே கிடைத்தது என்று பகல் முழுக்க முழங்காலில் நிற்க வைத்துவிட்டார்கள். அடுத்த நாள் அவர் வந்து அழாக்குறையாகச் சொன்னபோது போர்மன் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்கள் விளிம்பப் பாத்தாங்களா?"

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தத் திங்கட்கிழமை, பழுகாமத்துப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூட அதிபர் வந்தார். வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரையிலிருந்து தோணியில் கடந்து, பிறகு பஸ் ஏறி, உரப்பையில் சுற்றிய ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அது பள்ளிக்கூடத்தின் சேர்விடாப்பு. ஒவ்வொரு பிள்ளையும் சேரும்போது இலக்கம், பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி எழுதி வைக்கும் புத்தகம். அச்சடித்த இடாப்பு கிடைக்காதபடியால் அவரே தாளை மடித்துக் கோடு கீறிச் செய்தது. தாள் தட்டுப்பாட்டால் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம்வரை இடம் விடாமல் நாற்பது வரி. சனம் இடம்பெயர்ந்தபோது அதை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. தாள்கள் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, தைத்திருந்த கம்பிகள் துருப்பிடித்து, விளிம்புகள் பஞ்சுபோலப் பிய்ந்திருந்தன. ஆனால் நல்ல மை. எழுத்து அப்படியே இருந்தது.

"இதில கடைசித் தாள்கள்ல இருக்கிறதெல்லாம் அங்க இஞ்ச இருந்து ஓடி வந்த புள்ளைகள்" என்றார் அதிபர். "எல்லா வயசும் ஒரே கிழமைக்குள்ள வந்து சேந்த. சேட்டிபிக்கட் எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. இந்தப் புள்ளைகள் எப்ப பிறந்த எண்டு சொல்லுறதுக்கு உலகத்தில இது ஒண்டுதான் இருக்கு. அடையாள அட்டைக்கும் பள்ளிக்கூடச் சோதனைக்கும் இதப் பாத்துத்தான் நான் எழுதிக் குடுக்கணும். சனிக்கிழமை வாறன்."

"புதுப் புத்தகம் மாதிரித் தாறன் பாருங்க" என்றார் போர்மன்.

"புதுசு வேணாம் சேர். எழுத்து இருந்தாக் காணும்."

பிள்ளைகளே, வயது என்பது அந்தக் காலத்தில் இன்று மாதிரி இல்லை. பதினாறு ஆனவர் அட்டை இல்லாமல் சாவடியில் நின்றால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. பதினாறு ஆகாத பிள்ளையைப் பெரிய ஆள் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் அதுவும் ஆபத்து. சண்டைக்குப் பிடிக்க வளர்ந்த ஆட்களைத் தேடி வருபவர்களுக்கு அது போதும். அதிபர் அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்க மனமில்லாமல் நின்றதை நான் பார்த்தேன். போர்மன் பார்த்தது விளிம்பை. "சீ, எலி கடிச்ச மாதிரி" என்றார்.

மூன்று நாள் வேலை செய்தேன். துருக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தாள்களைத் தென்னை ஈர்க்கால் மெல்லப் பிரித்து, வெயில் படாமல் நிழலில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தேன். மடிப்புகளுக்குப் பின்னால் பட்டி ஒட்டினேன். அன்ரி தைத்துக் கொடுத்தார். புதன்கிழமை பின்னேரம் போகும்போது போர்மனிடம் தெளிவாகச் சொன்னேன்: "இத வெட்டாதீங்க. எழுத்து ஓரத்தோட நிக்குது. விளிம்பு பிஞ்சபடியே இருக்கட்டும்." அவர் மெசினைத் துடைத்துக்கொண்டே, "நீ எனக்குச் சொல்லித் தாறியா?" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் பிழை. அவரைப் பத்து வருடம் தெரிந்த பிறகும் அப்படி எடுத்துக்கொண்டது பெரிய பிழை.

வியாழக்கிழமை தேற்றாத்தீவிலிருந்து நான் வந்த பஸ்ஸை வழியில் மறித்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். எட்டு மணிக்கு வரவேண்டிய நான் பத்தரைக்கு வந்தேன். அறைக்குள் நுழைந்தபோது அன்ரி தான் இருந்து தைக்கும் மர வாங்கில் இல்லை. மூலையில் கழிவுத் தாள் போடும் சாக்கின் மேல், கையைக் கட்டிக்கொண்டு, கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"வந்திட்டியா மனே. நான் எழும்பமாட்டன். எழும்பினா இந்த மனிசன் எல்லாத்தையும் அடுப்புக்க போட்டிரும்."

கழிவுத் தாளை எரித்துத்தான் நாங்கள் பசை காய்ச்சுவது. சாக்குக்குள் இருந்தவை அந்த இடாப்பின் ஓரங்கள். மேல், கீழ் ஓரங்களுக்கு அவர் இன்னும் போகவில்லை; பக்க ஓரத்தில் மெசின் ஒரே வெட்டில் முப்பத்தொரு தாளிலும் விரலகலம் எடுத்துவிட்டது. ஒவ்வொரு தாளின் முன்பக்க வலது ஓரத்தில்தான் பிறந்த திகதி இருந்தது. பின்பக்க ஓரத்தில் சேர்வு இலக்கம். நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பிறந்த நாள் இருந்தது, மாதம் இருந்தது. வருடம் மட்டும் இல்லை. முன்பக்கங்களில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் வருடமும் அன்ரிக்குக் கீழே சாக்குக்குள் கிடந்தது.

போர்மன் ஓரமாக நின்று கரி இஸ்திரிக்கைப் பெட்டியால் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். "அதுக்கேன் ரெண்டு பேரும் செத்தவீட்டு முகத்தோட நிக்கிறீங்க? வெட்டினத ஒட்டத் தெரியாதா? இஞ்ச பார், அஞ்சு நிமிசத்தில ஒண்டு ஒட்டியாச்சு." கடைசித் தாளின் துண்டை எடுத்து, அதன் முதுகில் பசையை அள்ளிப் பூசி, பின்னால் தடித்த மண்ணிறத் தாளை வைத்து, தாளோடு சேர்த்து ஒட்டியிருந்தார். அந்தத் தாளின் மறுபக்கம் எழுதப்படாமல் இருந்தது. பார்த்து ஒட்டினார் என்று நினைக்காதீர்கள். பார்க்காமலே தப்பினார்.

நான் குனிந்து பார்த்தேன். முதல் பிள்ளைக்கு நேரே முதல் வருடம் இருந்தது. பத்தாவது பிள்ளைக்கு வருடம் சற்றுக் கீழே இறங்கி நின்றது. இருபதாவதுக்கு வரும்போது இரண்டு வரிகளுக்கு நடுவில் தொங்கியது. கடைசி வரிக்கு நேரே நின்றது முப்பத்தொன்பதாவது பிள்ளையின் வருடம். இதற்குக் காரணம் புத்தகம் கட்டுகிற எவருக்கும் தெரியவேண்டும். தாள் ஈரத்தைக் குடித்தால் நீளும். எல்லாப் பக்கமும் நீளாது, ஓட்டத்துக்குக் குறுக்கே நீளும். அந்த இடாப்பின் தாள் ஓட்டம் குறுக்காகப் போனதால், பசையில் ஊறிய துண்டு மேலிருந்து கீழாக நீண்டுவிட்டது. ஓரடித் தாளில் ஒரு வரி அளவு. அப்படியே விட்டிருந்தால் காயும்போது சுருங்கி வந்திருக்கும். இவர் இஸ்திரிக்கை வைத்து, நீண்டது நீண்டபடியே இறுக்கிவிட்டார்.

"கீழ நீட்டிக்கொண்டு நிண்டிருக்குமே?" என்று கேட்டேன்.

"ஓம், வெட்டிவிட்ட. இப்ப பார், எவ்வளவு நேரா இருக்கு."

"அந்தத் துண்டு எங்க?"

அடுப்பைக் காட்டினார்.

"அதில ஒரு புள்ளைட வருசம் இருந்த."

"நாப்பது பேர்ல ஒண்டு. ஒரு வரிதானே" என்றார் போர்மன்.

அந்த வார்த்தையை அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்லவில்லை. இதையே யோசித்து யோசித்துத்தான் எனக்கு இத்தனை வருடமாக மனம் ஆறவில்லை. வெயிலாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வேலை போனால் வேறு வேலை இல்லாத காலம், மூத்தவள் கைக்குழந்தை. அடுப்பைத் தணித்துச் சாம்பலைக் கையால் அளைந்து பார்த்தேன். நகக்கண் அளவு தாள். அது எங்கே இருக்கப் போகிறது?

மற்ற முப்பது துண்டையும் அன்ரியும் நானும் ஒட்டினோம். பின்பக்க இலக்கங்கள் ஒழுங்காக ஓடியதால் எந்தத் துண்டு எந்தத் தாளுக்கு என்பது தெரிந்தது. இதை ஒட்ட, எழுத்து தெரியும்படியான மெல்லிய வெள்ளைத் தாள் வேண்டும். பட்டினம் முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது. பட்டம் கட்டும் தாள் இருந்தது, ஆனால் சாயம் இறங்கும். அன்ரி வீட்டுக்குப் போய், மகளின் கலியாணச் சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். உள்ளே வெள்ளைச் சப்பாத்தைச் சுற்றியிருந்த தாள் பூப்போல மெல்லிசு. "அவள் அவுஸ்திரேலியாவுக்குப் போயிட்டாள். சப்பாத்து ஆருக்கு? தாளாவது புள்ளைகளுக்கு உதவட்டும்" என்றார். சொல்லும்போது பெட்டியைப் பார்க்கவில்லை.

எப்படி ஒட்டினோம் என்பதையும் எழுதிவைக்கிறேன், உங்களில் ஒருவருக்காவது உதவும். பசையை வெட்டுப்பட்ட துண்டில் பூசக்கூடாது. நன்றாகக் காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் வடித்த மெல்லிய பசையை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, அதன்மேல் அந்த மெல்லிய தாளின் பட்டியை வைத்து எடுக்கவேண்டும். எடுத்தவுடன் ஒட்டக்கூடாது. பசையின் மினுக்கம் அடங்கும்வரை பொறுக்கவேண்டும். அன்ரி அந்த நேரத்துக்கு ஒரு செபம் சொல்லுவார். செபம் முடிய மினுக்கமும் அடங்கிவிடும். பிறகு தாளையும் துண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பாதியில் வெட்டுப்பட்ட பேனாக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து, பட்டியை மேலே வைத்து விரலால் ஒற்றவேண்டும். பாண் சுற்றி வந்த மெழுகுத் தாளை மேலும் கீழும் வைத்துப் பாரம் ஏற்றவேண்டும். அப்படிச் செய்தால் துண்டுக்குள் ஈரம் போகாது, நீளாது. வெள்ளிக்கிழமை ஊரடங்குக்கு முன்னால் முடித்துவிட்டோம். முப்பது தாளிலும் ஒரு வரியும் விலகவில்லை. அந்த இரண்டு நாளும் போர்மன் மெசினுக்கு எண்ணெய் பூசினார்.

கடைசித் தாளிலிருந்து அவர் ஒட்டியதை மட்டும் பிரிக்க முடியவில்லை. கத்தியால் அறுத்து எடுத்து, அந்த இடத்தில் எழுதாத புதுத் துண்டு ஒன்றை ஒட்டினேன். போர்மன் பின்னால் வந்து நின்று, "முப்பத்தொன்பதையும் பாத்து எழுது. நாப்பதாவதுக்கு நீயே ஒரு வருசத்தப் போடு. ஆர் பாக்கப்போறான்?" என்றார். நான் பேனாவை எடுக்கவில்லை. அதற்காக என்னை நீங்கள் புகழத் தேவையில்லை. ஒரு மனிதன் செய்யக்கூடாததைச் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அதிபர் வந்தார். ஒரு கையில் சட்டித் தயிர், வாழையிலையால் வாய் கட்டி. போர்மன் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அட்டை மட்டும் அவருடைய வேலை. "கொழும்பில படிச்ச முறையில செய்த. இப்பிடி ஒட்டுறதுக்கு இந்தப் பக்கத்தில ஆளில்ல" என்று தொடங்கினார். அன்ரி பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் விறைத்துப்போன அந்தத் துண்டை மேசையில் வைத்து, நடந்ததை நாலு வசனத்தில் சொன்னேன். போர்மன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. பொய் சொன்னவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதிபர் வாங்கில் உட்கார்ந்தார். துண்டைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக, பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லி வருடத்தைப் புதுத் துண்டில் மையால் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து. முப்பத்தொன்பது தரம். நாற்பதாவதுக்கு வந்ததும் பேனா நின்றது.

"இந்தப் பொம்புளப் புள்ளைய எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். "தாய் இல்ல, தன்ட வருசமும் அதுக்குத் தெரியாது. சின்னம்மாக்காரி கூட்டிக்கொண்டு வந்தவ. திகதியச் சொன்னதும் அவதான், விரல மடிச்சு மடிச்சுச் சொன்ன. பதினஞ்சா, பதினாறா எண்டுதான் இப்ப..."

"பதினாறு எண்டு போடுங்க சேர். சோதனைக்கும் வசதி" என்றார் போர்மன்.

அதிபர் தலையை நிமிர்த்தினார். "உங்கட புள்ளையா இருந்தா, வசதியப் பாத்தா எழுதுவீங்க?"

போர்மன் புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தார். அதிபர் எழுந்து, மரியாதையாகத்தான், போர்மனின் காதிலிருந்த பென்சிலை உருவி எடுத்தார். அந்தப் பென்சில் பத்து வருடத்தில் முதல்தரமாக எழுதியது. ஊகத்தில் இரண்டு இலக்கம். "சின்னம்மாவ விசாரிச்சுப்போட்டு மையால எழுதுறன். அவ இப்ப எங்கயோ இடம்மாறிப் போயிட்டா. தேடணும்" என்றார். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். விறைத்த துண்டைக் காட்டி, "இத இஞ்சயே வச்சிருங்க. உங்கட போர்மன் மறந்துபோகாம இருக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உரப்பையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் படலையைத் தாண்டியதும் போர்மன் துண்டைக் கழிவுச் சாக்குக்குள் எறிந்தார். "நல்ல மனிசன். படுவான்கரைத் தயிர் கட்டியா இருக்கும்" என்றார். சட்டியையும் அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார். துண்டை அன்ரி எடுத்து, வெறுமையாய்க் கிடந்த சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு, திங்கட்கிழமை என் கையில் தந்தார். சில வருடம் கழித்து அவரும் மகளிடம் போய்விட்டார். போர்மன் இறந்தபோது நானும் போனேன். சான்றிதழைத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். சவப்பெட்டியின் ஓரங்கள் நல்ல நேராக இருந்தன. அவருக்குப் பிடித்திருக்கும்.

போன வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தின் புதிய அதிபர், இளம் மனிதர், பழைய இடாப்பு ஒன்று என்று சொல்லி, நான் இப்போது புத்தகம் கட்டும் நம் வீட்டு முன்னறைக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். பையிலிருந்து எடுக்க முன்னமே எனக்குத் தெரிந்தது. அட்டை கருவாடு மாதிரி நிமிர்ந்து நின்றது. நான் உள்ளே திறந்து பார்த்தேன். முப்பது தாளிலும் அன்ரியின் மகளுடைய சப்பாத்துத் தாள் ஒரு இடமும் விடாமல் ஒட்டியிருந்தது. கடைசித் தாளுக்குப் போனேன். நீல மையில் முப்பத்தொன்பது வருடம், முப்பத்தொன்பது கையெழுத்து. அதற்குக் கீழே அதே பென்சில் எழுத்து, மங்கிப்போய். மை வரவே இல்லை. முந்திய அதிபர் காலமாகிவிட்டார் என்று இளம் அதிபர் சொன்னார். அந்தப் பிள்ளையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "மையால ஏத்திவிடட்டா ஐயா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மட்டையின் ஓட்டம் பார்த்துப் புது அட்டை போட்டேன். விளிம்பைத் தொடவில்லை.

அவர் புத்தகத்தை எடுத்துப்போகத் திரும்பி வருவதற்கு முன், பெட்டியிலிருந்த துண்டை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் காய்ந்தும் அது சுருங்கவில்லை. முதல் பிள்ளையிடம் சரியாகத் தொடங்கி, கடைசிப் பிள்ளையிடம் ஒரு வரி தள்ளி நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பதினாறு என்று யாராவது நம்பினார்களா, பதினைந்து என்று யாராவது இரங்கினார்களா, நான் அறியேன். சின்னவளே, பெட்டியை எறியாதே. என்றாவது ஒருநாள் ஒரு பெண் இந்த வீட்டுக்கு வந்து தன் வருடத்தைக் கேட்டால், கொடுக்க என்னிடம் அது இல்லை. அதை வெட்டிய இடத்தையாவது காட்டவேண்டும்.